ரிவால்வர்ல எதுக்கு சாவி ஓட்டை? கால் நூற்றாண்டாக அமெரிக்காவில் ஓயாத ‘பூட்டு’ சண்டை | விளக்கம்

அமெரிக்காவில் கடந்த கால் நூற்றாண்டில் தயாரான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்கள் பெரும்பாலானவற்றின் இடது பக்கத்தைப் பார்த்தால் ஒரு சின்ன ஓட்டை தெரியும். சிலிண்டரைத் திறக்க கட்டைவிரலால் தள்ளும் குமிழுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மிளகு அளவுதான். அது சாவி போடுகிற ஓட்டை.

இந்த ஓட்டைக்கு அந்த ஊர் துப்பாக்கி ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் ‘ஹிலாரி ஓட்டை’. ஆமா, ஹிலாரி கிளிண்டன்தான். இந்த ஓட்டை இருக்கிறதுக்காகவே புதுத் துப்பாக்கியை வேண்டாம் என்று சொல்லி, அது இல்லாத பழைய துப்பாக்கியைத் தேடி அலைகிறவர்கள் அங்கே உண்டு. ‘உயிர் போகிற நேரத்தில் இந்தப் பூட்டு தானாக விழுந்து துப்பாக்கி வேலை செய்யாமல் போய்விடும்’ என்பது அவர்கள் சொல்லும் காரணம். ‘வீட்டில் குழந்தை கையில் கிடைத்தாலும் வெடிக்காது’ என்பது பூட்டு வைத்தவர்கள் சொன்ன காரணம்.

இதில் எது உண்மை? பூட்டு வைத்ததால் ரிவால்வரின் நம்பகத்தன்மை நிஜமாகவே குறைந்ததா? இல்லை, இது வெறும் அரசியல் கோபமா? பார்ப்போம்.

முதலில், ரிவால்வரை ஏன் இவ்வளவு நம்புகிறார்கள்?

நம்ம சினிமாவில் ஹீரோ ரிவால்வரை நீட்டும்போது வில்லன் சிரித்துக்கொண்டே, “தம்பி, சேஃப்டி லாக்கை எடுக்கலையே” என்று சொல்லும் மாதிரி காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். பிஸ்டலுக்கு அது சரி. ஆனால் வழக்கமான ரிவால்வரில் எடுக்கிறதுக்கு அப்படி ஒரு விசையே கிடையாது. டிரிக்கரை இழுத்தால் வெடிக்கும். அவ்வளவுதான்.

அதுதான் அதன் கவர்ச்சியே. பிஸ்டலில் ஒவ்வொரு முறை சுட்டதும் காலித் தோட்டா வெளியே தெறிக்க வேண்டும், அடுத்த தோட்டா உள்ளே ஏற வேண்டும். நடுவில் எங்கே சிக்கினாலும் நின்றுவிடும். ரிவால்வரில் டிரிக்கரை இழுக்கும் விரலின் பலமே சிலிண்டரையும் சுற்றுகிறது, ஹேமர் என்கிற சுத்தியலையும் பின்னால் இழுத்து விடுகிறது. ஒரு தோட்டா வெடிக்கவில்லையா? மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். யோசிக்க வேண்டாம்.

கூடவே, அந்த டிரிக்கர் சும்மா தொட்டால் நகராது. வழக்கமான ரிவால்வரில் அதை முழுசாக இழுக்க சுமார் 5 கிலோ அழுத்தம் தேவை. ‘இதுவே ஒரு பாதுகாப்புதானே, தனியாக எதுக்கு பூட்டு?’ என்பது பழைய ஆட்களின் வாதம்.

ஆக, ரிவால்வர் வாங்குகிறவர் காசு கொடுத்து வாங்குவது ஒரு எளிமையை. அந்த எளிமைக்குள் ஒரு புது உதிரி பாகத்தை நுழைத்தால் அவருக்கு எப்படி இருக்கும்? சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

ரொம்ப சிம்பிள். துப்பாக்கியோடு ஒரு குட்டிச் சாவி வரும். அதை ஓட்டையில் விட்டுத் திருப்பினால், ஹேமருக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய உலோகத் தகடு மேலே எழும்பும். ஆங்கிலத்தில் இதைக் கொடி என்ற பொருளில் ‘ஃபிளாக்’ என்பார்கள். தகடு மேலே வந்துவிட்டால் ஹேமர் பின்னால் நகராது. ஹேமர் நகராவிட்டால் டிரிக்கரும் நகராது. சாவியை எதிர்ப்பக்கம் திருப்பினால் தகடு இறங்கிவிடும். மறுபடி சுடலாம்.

அதாவது இது தானாக இயங்கும் பாதுகாப்பு கிடையாது. உரிமையாளர் ஞாபகம் வைத்துப் பூட்ட வேண்டும், ஞாபகம் வைத்துத் திறக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவோம்.

பூட்டு எங்கிருந்து வந்தது?

1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூடு அமெரிக்காவை உலுக்கியது. அதற்கு ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், 2000 பிப்ரவரி 29 அன்று மிச்சிகன் மாநிலத்தில் இன்னொரு சம்பவம். 6 வயது சிறுவன் தான் தங்கியிருந்த வீட்டில் கிடைத்த கைத்துப்பாக்கியைப் பள்ளிக்கு எடுத்து வந்தான். தன் வகுப்பில் படித்த 6 வயது சிறுமியைச் சுட்டான். அந்தக் குழந்தை இறந்துபோனது. 1-ம் வகுப்பு!

அது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கி அல்ல, ரிவால்வரும் அல்ல. ஆனால் ‘குழந்தையால் சுட முடியாத துப்பாக்கியைச் செய்யவே முடியாதா?’ என்ற கேள்வி அப்போது நாடு முழுக்க ஓங்கி ஒலித்தது. இன்னொரு பக்கம் பல நகர நிர்வாகங்கள் துப்பாக்கி கம்பெனிகள் மீது வழக்குப் போட்டுக்கொண்டிருந்தன.

அடுத்த மாதமே, 2000 மார்ச் 17 அன்று, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதிபர் பில் கிளிண்டன் அரசுடன் ஓர் ஒப்பந்தம் போட்டது. 60 நாட்களுக்குள் எல்லா கைத்துப்பாக்கிகளோடும் வெளிப்பூட்டு தருவோம், 24 மாதங்களுக்குள் துப்பாக்கிக்குள்ளேயே பூட்டு வைப்போம் என்றெல்லாம் அதில் உறுதி கொடுத்தது. தன் துப்பாக்கிகளை விற்கும் கடைகளுக்கும் கட்டுப்பாடு வைக்க சம்மதித்தது. பதிலுக்கு வழக்குகளில் இருந்து தப்பிக்கலாம் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு படுமோசமாகத் தப்பியது. நேஷனல் ரைபிள் அசோசியேஷன் அமைப்பு கொதித்தெழுந்தது. ‘நம்ம ஆளே நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டான்’ என்ற பேச்சு கிளம்பியது. மற்ற கம்பெனிகள் யாரும் ஒப்பந்தத்தில் சேரவில்லை. வாடிக்கையாளர்கள் கூட்டமாகப் புறக்கணித்தார்கள். விற்பனை சரிந்தது, ஆட்குறைப்பு நடந்தது. 1852-ல் தொடங்கிய, அமெரிக்காவின் பெருமை என்று சொல்லப்பட்ட கம்பெனிக்கு இந்த நிலை.

அப்போது அந்தக் கம்பெனியின் முதலாளி ஓர் ஆங்கிலேய நிறுவனம், பெயர் டாம்கின்ஸ். 1987-ல் சுமார் 11 கோடி டாலர் கொடுத்து வாங்கியிருந்தார்கள். 2001 மே மாதம் அதை விற்றது எவ்வளவுக்குத் தெரியுமா? ஒன்றரைக் கோடி டாலர். கூடவே 3 கோடி டாலர் கடனையும் வாங்குபவர் தலையில் கட்டினார்கள்.

வாங்கியது யார் என்பதுதான் கதையின் சுவாரஸ்யம். அரிசோனாவைச் சேர்ந்த சேஃப்-டி-ஹேமர் என்ற சின்ன கம்பெனி. அவர்கள் தொழிலே துப்பாக்கிக்குப் பாதுகாப்புச் சாதனம் செய்வதுதான். பூட்டு விவகாரத்தில் அடி வாங்கிய துப்பாக்கி கம்பெனியை, பூட்டு கம்பெனி வாங்கியது!

அதன்பிறகு வந்த ரிவால்வர்களில்தான் அந்த ஓட்டை பரவலாகத் தெரிய ஆரம்பித்தது. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அரசு வந்ததும் கிளிண்டன் கால ஒப்பந்தம் அமல்படுத்தப்படாமல் கிடப்பில் போனது. ஆனால் ஓட்டை மட்டும் போகவில்லை. கோபக்காரர்களுக்கு அது ஒவ்வொரு துப்பாக்கியின் பக்கவாட்டிலும் குத்திய முத்திரை மாதிரி ஆகிப்போனது. பெயரை மட்டும் கணவருக்குப் பதிலாக மனைவி தலையில் கட்டினார்கள். அதுவும் ஒரு அரசியல்தான்.

ஒப்பந்தமே செத்த பிறகும் பூட்டு ஏன் தொடர்ந்தது? ஒரு காரணம் மாநிலச் சட்டங்கள். உதாரணமாக, மேரிலாந்து 2000-ல் கொண்டுவந்த சட்டப்படி, 2002-ம் ஆண்டுக்குப் பிறகு தயாரான கைத்துப்பாக்கியில் உள்ளேயே பொருத்திய பாதுகாப்புப் பூட்டு இருந்தால்தான் அங்கே கடையில் விற்க முடியும். இன்னொரு காரணம் வக்கீல்கள். வைத்த பாதுகாப்பை எடுத்துவிட்டு, அதன்பிறகு ஒரு குழந்தை செத்தால், நீதிமன்றத்தில் என்ன பதில் சொல்வது?

நிஜமாகவே பூட்டு தானாக விழுமா?

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இரண்டு தரப்புமே மிகைப்படுத்துகிறார்கள்.

விழும் வாய்ப்பு இருக்கிறது. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். குண்டு எவ்வளவு வேகமாக முன்னே போகிறதோ, அதற்கேற்ப துப்பாக்கி பின்னே வரும், நியூட்டனின் 3-ம் விதி. துப்பாக்கி கனமாக இருந்தால் உதை மெதுவாகத் தெரியும். லேசாக இருந்தால் கையைப் பிய்த்துவிடும்.

பூட்டு வந்த அதே காலத்தில்தான் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இன்னொரு வேலையும் பார்த்தது. ஸ்கேண்டியம் கலந்த அலுமினியம், டைட்டானியம் என்று போட்டு இறகு மாதிரி ரிவால்வர்களைச் செய்தது. 340 பி.டி. என்ற மாடல் 350 கிராம்கூட வராது. அதில் .357 மேக்னம் என்ற முரட்டுத் தோட்டாவைப் போட்டுச் சுடலாம். சுட்டவர்கள் ‘இன்னொரு முறை வேண்டாம் சாமி’ என்கிற ரகம்.

இப்படிப்பட்ட உதையில், உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் பிடித்து வைத்திருக்கும் அந்தத் தகடு துள்ளி மேலே வந்து, ஹேமரைப் பிடித்துக்கொண்டதாகப் பலர் புகார் சொன்னார்கள். அனுபவமுள்ள துப்பாக்கி எழுத்தாளர்கள் சிலரும் தங்களுக்கே நடந்ததாகப் பதிவு செய்தார்கள். ஆகவே ‘இது முழுக்கக் கட்டுக்கதை’ என்று ஒதுக்க முடியாது.

ஆனால் அந்தப் புகார்கள் எந்தத் துப்பாக்கியில் என்று பாருங்கள். பெரும்பாலும் மிக லேசான உடல், மிகப் பலமான தோட்டா என்ற கூட்டணியில்தான். ஒரு கிலோ எடையுள்ள முழு எஃகு ரிவால்வரில் சாதாரண .38 தோட்டாவைச் சுடுகிறவருக்கு இந்த உதையே கிடையாது. அப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் சுட்டும் பூட்டு அசையவில்லை என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அவர்கள் பேசுவது இரண்டு வேறு துப்பாக்கிகளைப் பற்றி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லேசான ரிவால்வரை நிறுத்திவிட பூட்டு மட்டும்தான் காரணம் என்றில்லை. அதே உதையில், இன்னும் சுடாத தோட்டாக்களின் முனையில் உள்ள குண்டு கழன்று முன்னே நகர்ந்து, சிலிண்டர் சுற்ற முடியாமல் முட்டிக்கொள்வது உண்டு. எந்த மாதிரி தோட்டா போடலாம், போடக்கூடாது என்று கம்பெனியே எச்சரிக்கிறது. சுடும்போது வரும் வெடிமருந்துத் தூள், காலித் தோட்டாவை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவப் பாகத்துக்கு அடியில் போய் உட்கார்ந்தாலும் சிலிண்டர் சிக்கும். இந்தக் குறைகளை எல்லாம் ரசிகர்கள் ‘அது அப்படித்தான், கவனமா இருக்கணும்’ என்று ஏற்றுக்கொள்கிறார்கள். பூட்டு சிக்கினால் மட்டும் மன்னிப்பே கிடையாது.

ஏன்? என் பார்வையில், இது வெறும் வெறுப்பு இல்லை. தோட்டா கழல்வது ரிவால்வரின் கூடப்பிறந்த குறை. அதைச் சரியான தோட்டா வாங்கித் தவிர்க்கலாம். பூட்டு விழுவதோ வாடிக்கையாளர் கேட்காமல், வெளியே இருந்து கொண்டுவந்து வைத்த குறை. மேலும், சிலிண்டர் சிக்கினால் முட்டி மோதிப் பார்க்கலாம். பூட்டு விழுந்தால் சாவி வேணும். சாவி வீட்டில் எந்த டிராயரில் இருக்கிறதோ?

பத்தாயிரத்தில் ஒன்றோ, லட்சத்தில் ஒன்றோ, ‘அந்த ஒன்று என் கையில் நடந்தால்?’ என்பதுதான் தற்காப்புக்குத் துப்பாக்கி வாங்குகிறவரின் கேள்வி. தற்காப்புத் துப்பாக்கி வாங்குவதே நடக்க வாய்ப்பு குறைவான ஒரு ஆபத்தை நினைத்துத்தானே? அவரிடம் போய் ‘வாய்ப்பு ரொம்பக் குறைவு சார்’ என்றால் எடுபடுமா?

யாருமே திட்டாத பாதுகாப்புகளும் இருக்கு

துப்பாக்கி ரசிகர்களுக்குப் பாதுகாப்பு என்றாலே பிடிக்காது என்று நினைத்தால் அது தப்பு. ரிவால்வருக்குள் இன்னும் சில பாதுகாப்புகள் உண்டு. அவற்றைப் பற்றி ஒரு புகார்கூட வராது.

அந்தக் கால கௌபாய்கள் ஆறு தோட்டா போடக்கூடிய ரிவால்வரில் ஐந்துதான் போடுவார்கள். ஏனென்றால் ஹேமர் எப்போதும் தோட்டாவின் பின்பக்கத்தைத் தொட்டபடி இருக்கும். கீழே விழுந்து ஹேமரில் அடிபட்டால் வெடித்துவிடும். அதனால் ஹேமருக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விடுவது பழக்கம்.

2-ம் உலகப் போரின்போது, 1944 இறுதியில், ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் ஒன்று எஃகுத் தளத்தில் விழுந்து வெடித்தது. ஒரு மாலுமி இறந்தார். துப்பாக்கிக்குள் அப்போதே ஒரு தடுப்பு இருந்தது, ஆனால் அது காப்பாற்றவில்லை. கம்பெனி அவசர அவசரமாக ஒரு புதுத் தடுப்பை வடிவமைத்தது. டிரிக்கரை முழுசாக இழுத்தால் ஒழிய, ஹேமருக்கும் தோட்டாவுக்கும் நடுவில் ஒரு இரும்புத் துண்டு நிற்கும். அந்தத் தடுப்பு உள்ள துப்பாக்கிகளின் வரிசை எண்ணோடு ‘எஸ்’ என்ற எழுத்தைச் சேர்த்தார்கள். அன்று முதல் இன்றுவரை அந்தத் தடுப்பு உள்ளே இருக்கிறது.

ரூகர் கம்பெனி 1973-ல் தன் கௌபாய் மாடல் ரிவால்வர்களில் வேறு வழியில் இதையே செய்தது. டிரிக்கரை இழுத்தால் மட்டும் மேலே வந்து, ஹேமரின் அடியைத் தோட்டாவுக்குக் கடத்தும் ஒரு பட்டை. இழுக்காவிட்டால் ஹேமர் எதையும் தொடாது. பின்னால் பழைய மாடல்காரர்களுக்கும் இலவசமாகவே மாற்றித் தர முன்வந்தது. ஆறு அறையிலும் தோட்டா போட்டு நடக்கலாம் என்ற நிலை அதோடு வந்தது.

இவற்றை யாரும் ‘அரசியல்’ என்று சொல்லவில்லை. ஏன் என்றால், இவை உரிமையாளரிடம் எதையும் கேட்பதில்லை. சாவி இல்லை, ஞாபகம் வேண்டாம். டிரிக்கரை இழுத்தால் விலகும், விட்டால் வந்து நிற்கும்.

ஆனால் இவை குழந்தையைக் காப்பாற்றாது. குழந்தை டிரிக்கரை இழுத்தால் தடுப்பு விலகத்தான் செய்யும். அந்தப் பிரச்னையையும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரொம்பக் காலத்துக்கு முன்பே கையில் எடுத்தது. 1887-ல் வெளியான ஒரு மாடலில் கைப்பிடியின் பின்பக்கம் ஒரு விசை வைத்தார்கள். கையை இறுக்கிப் பிடித்து அந்த விசையை அழுத்தியபடியே டிரிக்கரை இழுத்தால்தான் சுடும். சின்னக் கைகளால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பது யோசனை. எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி இருக்கு என்று அதற்கு ‘லெமன் ஸ்க்வீசர்’ என்றே பெயர் வந்தது. அரை நூற்றாண்டு விற்றது.

1952-ல் அதே யோசனையோடு சென்டெனியல் என்ற மாடல் வந்தது. இந்த முறை வேடிக்கை என்னவென்றால், அந்த விசை பிடிக்காதவர்களுக்காக ஒரு சின்ன ஊசியையும் கம்பெனியே கைப்பிடிக்கு அடியில் வைத்துக் கொடுத்தது. அதைச் செருகிவிட்டால் விசை அழுத்தியபடியே நின்றுவிடும். பாதுகாப்பையும் கொடுத்து, அதை முடக்க வழியையும் கொடுத்தார்கள்! 1990-ல் அந்த மாடல் மறுபடி வந்தபோது விசையே இல்லை. ‘ஹிலாரி ஓட்டை’க்கு முன்பே இந்த இழுபறி நடந்திருக்கிறது.

சரி, பூட்டு குழந்தையைக் காப்பாற்றுகிறதா?

இந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டு பூட்டைப் பற்றிப் பேசுவது நியாயமே இல்லை. 2020-ல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணமாக துப்பாக்கி ஆகிவிட்டது. அதுவரை முதலிடத்தில் இருந்தது வாகன விபத்து. கொலை, தற்கொலை, விபத்து எல்லாம் சேர்ந்த கணக்கு இது.

பூட்டி வைப்பது பயன் தரும் என்பதில் மருத்துவர்களுக்குச் சந்தேகம் இல்லை. 2005-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று, துப்பாக்கியைப் பூட்டி வைப்பது, தோட்டாவை எடுத்துவிட்டு வைப்பது, தோட்டாவைத் தனி இடத்தில் வைப்பது, தோட்டாவையும் பூட்டி வைப்பது என்ற நான்கு பழக்கங்களைப் பார்த்தது. நான்கில் ஒவ்வொன்றும் சிறுவர்களின் தற்கொலை, துப்பாக்கி விபத்து ஆபத்து குறைவதோடு தொடர்புள்ளது என்று தெரிந்தது. அதே ஆண்டு வந்த மத்திய சட்டம், உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்கும்போது கூடவே பூட்டோ பாதுகாப்புச் சாதனமோ தர வேண்டும் என்றது.

அப்படியானால் உள்ளே பொருத்திய பூட்டுதான் சிறந்ததா? இங்கே ஒரு சிக்கல்.

தற்காப்புக்காக வாங்கியவர் துப்பாக்கியை எங்கே வைப்பார்? கட்டிலுக்குப் பக்கத்தில், தோட்டாவோடு. நடுராத்திரியில் கதவு உடையும் சத்தம் கேட்டால் எடுக்க வேண்டும். அந்த இருட்டில், நடுங்கும் விரலால், குட்டிச் சாவியை மிளகு அளவு ஓட்டையில் விட்டுத் திருப்ப வேண்டும் என்றால், அவர் என்ன செய்வார்? பூட்டவே மாட்டார். பூட்டாத பூட்டு துப்பாக்கிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். குழந்தை எடுத்தால் வெடிக்கும்.

மாறாக, விரல் வைத்தால் திறக்கிற, பட்டனை வரிசையாக அழுத்தினால் திறக்கிற சின்னப் பெட்டகங்கள் இருக்கின்றன. அவை துப்பாக்கியையே மறைத்துவிடும். குழந்தை அதைப் பார்க்கவும் முடியாது, தொடவும் முடியாது. பெரியவர் சில விநாடியில் எடுத்துவிடலாம். உள்பூட்டு போட்ட துப்பாக்கியோ மேஜை மேல் துப்பாக்கியாகவேதான் கிடக்கும். பூட்டியிருக்கா இல்லையா என்று பார்க்க ஹேமர் பக்கத்தில் தகடு தெரிகிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டும். திருடன் எடுத்துப்போனால் அவனுக்கு அவசரமே கிடையாது, ஆற அமர உட்கார்ந்து பூட்டைக் கழற்றுவான்.

உள்பூட்டு முழுக்க வீண் என்று சொல்ல வரவில்லை. சுடுவதற்காக மட்டும் எப்போதாவது வெளியே எடுக்கிற, மற்ற நேரம் அலமாரியில் கிடக்கிற துப்பாக்கிக்கு அது நல்ல கூடுதல் காப்பு. சாவியைச் சாவிக்கொத்தில் போட்டு வைத்திருக்கும் ஆட்களும் உண்டு. ஆனால் எந்தத் துப்பாக்கி குழந்தைக்கு அதிக ஆபத்தோ, அதாவது தோட்டா போட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது, அங்கேதான் இந்தப் பூட்டு மிகக் குறைவாகப் பயன்படுகிறது. பூட்டு வைத்த நல்ல எண்ணத்துக்கும் வீட்டு நடப்புக்கும் இடையே விழுந்த ஓட்டை இதுதான்.

சந்தையில் என்ன நடந்தது?

பூட்டு இல்லாத காலத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வருக்கு ‘ப்ரீ-லாக்’ என்று தனிப் பெயரே வந்துவிட்டது. பழைய துப்பாக்கி விற்கிறவர் விளம்பரத்தில் அந்த வார்த்தையைப் போட்டால் மதிப்பு. நம்ம ஊரில் ‘சிங்கிள் ஓனர்’ என்று போடுகிற மாதிரி. ஓட்டையை மூடும் சின்ன அடைப்பான்களைச் சில கம்பெனிகள் விற்கின்றன. சிலர் பூட்டையே கழற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தவர் நாளைக்கு ஒரு வழக்கில் சிக்கினால், ‘பாதுகாப்பை வேண்டுமென்றே நீக்கியவர்’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் பேசுவார் என்ற பயமும் அவர்களிடமே உண்டு.

போட்டிக் கம்பெனிகளைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பிரேசிலின் டாரஸ் 1997-லேயே ஹேமரில் சாவிப் பூட்டு வைத்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கு முன்பே! அவர்கள் மேல் இவ்வளவு கோபம் வரவில்லை. அரசோடு ஒப்பந்தம் போடவில்லையே. பின்னால் வந்த பல மாடல்களில் டாரஸ் அந்தப் பூட்டை விட்டுவிட்டது.

ரூகர் இன்னும் கெட்டிக்காரத்தனம் செய்தது. 2009-ல் வந்த எல்.சி.ஆர். ரிவால்வரில் பூட்டு உண்டு. ஆனால் அது கைப்பிடிக்கு அடியில். கைப்பிடியைக் கழற்றினால்தான் தெரியும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. திட்டுவதற்கு ஆளும் இல்லை. உள்ளே பூட்டு இருப்பதை விட, அது கண்ணுக்குத் தெரிவதுதான் பலரை உறுத்துகிறது என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் தேவையில்லை.

ரொம்ப நாள் ரிவால்வரே செய்யாமல் இருந்த கோல்ட் கம்பெனி 2017-ல் கோப்ராவையும், 2020-ல் பைத்தானையும் மறுபடி கொண்டுவந்தது. பக்கவாட்டில் ஓட்டை இல்லை. விமர்சனம் எழுதியவர்கள் அதையே ஒரு சிறப்பாகக் குறிப்பிட்டார்கள். இல்லாத ஒன்று விற்பனை அம்சம் ஆனது.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் சும்மா இருக்கவில்லை. ஹேமர் வெளியே தெரியாத 442, 642 போன்ற பாக்கெட் ரிவால்வர்களை முதலில் பூட்டு இல்லாமலும் விற்க ஆரம்பித்தது. அங்கே தகடு விழுந்தால் கண்ணுக்கே தெரியாது என்பதால் வாங்குகிறவர்களுக்குப் பயம் கூடுதல். 2024-ல் லிப்ஸீஸ் என்ற மொத்த விற்பனையாளருடன் சேர்ந்து கொண்டுவந்த ‘அல்டிமேட் கேரி’ வரிசையிலும் ஓட்டை கிடையாது. பூட்டோடும் பூட்டு இல்லாமலும் இரண்டு வகையும் இப்போது கடைகளில் இருக்கின்றன. மேரிலாந்துக் கடைக்காரர் மட்டும் இன்னமும் உள்பூட்டு உள்ளதைத்தான் எடுத்துக் காட்ட முடியும்.